வர்க்க எண்களில் விதி கண்ட கலீலியோ

1, 4, 9, 16, 25 என்று செல்லும் எண்களின் வரிசையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பவை இவை. வர்க்க எண்கள் என்றும் சதுர எண்கள் என்றும் கணித நூல்கள் இவற்றைக் கூறும். இவ்வரிசையில் நூறாவது எண் யாது என்று வினவினால், அதற்கு முந்திய தொண்ணூற்றொன்பது எண்களையும் எழுதிப் பார்க்க வேண்டுவதில்லை. நூறை நூறால் பெருக்கிப் பத்தாயிரம் என்று உடனே விடை கூறிவிடலாம். வரிசையின் எந்த இடத்தில் எந்த எண் நிற்கும் என்பதை ஒரே தொடரில் சொல்லிவிடும் இத்தகைய விதியைப் பொது உறுப்பு என்பர்.

ஏட்டில் எழுதிய வரிசைக்குப் பொது உறுப்புக் காண்பது மாணவர்க்குரிய பயிற்சி. இயற்கைக்குள் மறைந்து கிடக்கும் ஒரு வரிசையை முதலில் வெளிக்கொணர்ந்து, பின் அதன் பொது உறுப்பைக் கண்டு, அதன்பின் அவ்வுறுப்பு ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் காரணத்தையும் காண்பது ஒரு வாழ்நாட் பணி. விழும் கல்லின் இயக்கத்தில் வர்க்க எண்களைக் கண்டறிந்து அப்பணியை முடித்தவர் இத்தாலிய அறிஞர் கலீலியோ கலிலி. தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்தவர் என்றும், சமய மன்றத்தின் முன் மண்டியிட நேர்ந்தவர் என்றுமே அவரைப் பலரும் அறிவர். அவருடைய வாழ்வின் அடியோட்டமாக முப்பதாண்டுகளுக்கு மேல் ஓடிய வர்க்க எண்களின் வரலாற்றை அறிந்தவர் சிலரே.

இசைக் கலைஞரின் மகன்

கலீலியோ 1564ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் பைசா நகரில் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ கலிலி, லூட் என்னும் நரம்புக் கருவியை இசைப்பதில் வல்லவர். இசை இலக்கண அறிஞருமாவார். தாயார் ஜூலியா அம்மன்னாத்தி. பண்டைக் கிரேக்க இசையின் தன்மையை ஆராய்ந்து, சொல்லின் பொருள் விளங்கப் பாடும் முறையை மீண்டும் கொணர வேண்டுமென விழைந்த பிளாரன்ஸ் நகரக் கலைஞர் குழுவில் வின்சென்சோவும் ஒருவர். 1581ஆம் ஆண்டில் பழைய இசையையும் புதிய இசையையும் ஒப்பிட்டு உரையாடல் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் மகன் தம் பெருநூல்களுக்குத் தேர்ந்துகொண்டதும் உரையாடல் வடிவமே.

தந்தை செய்த ஆய்வு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஒரு ஸ்தாயி உயரும் என்பதைப் பண்டையோர் அறிந்திருந்தனர். நரம்பில் கட்டித் தொங்கவிடும் எடையை இருமடங்காக்கினாலும் அதே ஸ்தாயி கிடைக்கும் என்று பைத்தாகரசின் பெயரால் ஒரு கருத்து ஈராயிரம் ஆண்டுகளாக நூல்களில் எழுதப்பட்டு வந்தது. எழுதியவருள் எவரும் எடையைக் கட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வின்சென்சோ கட்டிப் பார்த்தார். இருமடங்கு போதவில்லை, நான்கு மடங்கு வேண்டியிருந்தது. நீளத்தில் மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தால் பெறும் சுரத்தை எடையால் பெற ஒன்பதுக்கு நான்கு தேவைப்பட்டது. அதாவது, நீளத்தில் நிற்கும் எண்களின் வர்க்கமே எடையில் நின்றது. இம்முடிவை அவர் 1589ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நாளில் வீட்டிலிருந்த மகனும் இவ்வாய்வில் துணை நின்றிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், ஏட்டில் இருப்பதைச் செய்து பார்த்தே ஏற்க வேண்டும் என்னும் பாடத்தையும், இயற்கையில் வர்க்க எண்கள் வந்து நிற்பதுண்டு என்னும் செய்தியையும் கலீலியோ தந்தையின் இசைக் கூடத்திலேயே பெறும் வாய்ப்பு இருந்தது.

இசை வருவாய் தராது என்பதை உணர்ந்த தந்தை மகனை மருத்துவராக்க எண்ணி 1581இல் பைசாப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். மகன் மனமோ மருத்துவத்தில் நிலைக்கவில்லை. ஒஸ்திலியோ ரிச்சி என்னும் கணித ஆசிரியரிடம் யூக்ளிட் கேட்கத் தொடங்கிய பின் கணிதமே அவருக்கு எல்லாமாயிற்று. 1585இல் பட்டம் எதுவும் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

நரகத்தை அளந்த இளைஞர்

பட்டம் பெறாத அவ்விளைஞரை அறிஞருலகம் அறிந்துகொண்டதற்கு ஓர் இலக்கியச் சொற்பொழிவும் காரணம் என்பது கவிஞர்களுக்கு இனிக்கும் செய்தி. பிளாரன்ஸ் அகாதெமி தாந்தேயின் காப்பியத்தில் வரும் நரகத்தின் அமைப்பையும் அளவையும் விளக்குமாறு அவரை அழைத்தது. 1588ஆம் ஆண்டளவில் அவர் இரண்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். கவிஞர் பாடல்களில் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு, கூம்பு வடிவான அப்பள்ளத்தின் ஆழம், வளையங்களின் அகலம், அடியில் உறையும் லூசிபரின் உயரம் ஆகியவற்றை அவர் கணக்கிட்டுக் காட்டினார். காப்பியத்தின் சொற்களைச் சிதைக்காமலே அவற்றிலிருந்து எண்களைப் பெற முடியும் என்று காட்டிய அவருடைய நுட்பம் அவையோரைக் கவர்ந்தது. 1589இல் பைசாவிலேயே கணிதப் பேராசிரியர் பதவி கிட்டியது. ஆண்டு ஊதியம் 60 ஸ்கூதி மட்டுமே.

பேராசிரியர்கள் எந்நேரமும் நீண்ட அங்கி அணிந்தே திரிய வேண்டும் என்னும் விதியை எள்ளி நகையாடி, தாந்தே கையாண்ட அதே பாவகையில் ஒரு நகைச்சுவைப் பாட்டும் அவர் இயற்றினார். அரியோஸ்தோவின் காப்பியத்தில் அவருக்கு அளவற்ற ஈடுபாடு உண்டு. தாசோவின் கவிதையை அதனோடு ஒப்பிட்டுக் கடுமையான திறனாய்வுக் குறிப்புகளும் எழுதி வைத்தார். இவ்வாறு கவிதையோடு பழகிய மனம் கொண்டவர் அவர்.

பைசாவின் சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து எடை வேறுபட்ட குண்டுகளை அவர் கீழே விட்டுக் காட்டினார் என்னும் கதை இக்காலத்தைப் பற்றியதே. அவருடைய கடைசி மாணவர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது காணப்படுகிறது. வரலாற்று ஆசிரியர் பலர் இதனை ஐயுறுகின்றனர். எடை மிகுந்த பொருள் அதற்கேற்ற மடங்கு விரைவாக விழும் என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையை அவர் அப்போதே மறுத்து எழுதினார் என்பது மட்டும் உறுதி. ஆயினும், கோபுரம் ஒரு கொள்கையை மறுக்கப் பயன்படுமேயன்றிப் புதிய விதியைக் காணப் பயன்படாது. 55 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் மூன்றரை நொடிக்குள் தரையை அடைந்துவிடும். நொடியை அளக்கும் கருவியே இல்லாத காலத்தில் அவ்வியக்கத்தின் உள்ளே புகுந்து பார்ப்பது எங்ஙனம்?

சாய்தளமும் தாளமும்

1592இல் வெனிஸ் குடியரசைச் சேர்ந்த பதுவாப் பல்கலைக்கழகத்தில் கலீலியோ பேராசிரியரானார். அங்கே கழிந்த பதினெட்டு ஆண்டுகளே தம் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். மரீனா கம்பா என்பவருடன் வாழ்ந்து வர்ஜீனியா, லிவியா என்னும் இரு பெண் மக்களையும் வின்சென்சோ என்னும் ஆண் மகனையும் பெற்றார். 1591இல் தந்தை இறந்தபின் குடும்பப் பொறுப்பும் தங்கையரின் சீர்வரிசைக் கடனும் அவர் தோள்மேல் விழுந்திருந்தன. தனி மாணவர்க்குப் பாடம் சொல்லியும், கணிதக் கருவிகள் செய்து விற்றும் அவர் பொருள் ஈட்ட வேண்டியிருந்தது. விழும் கல்லின் விதியை அவர் கண்டது இந்நெருக்கடிகளுக்கிடையே தான்.

நேராக விழும் கல் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் விழுகிறது. அதையே சற்றுச் சாய்ந்த பலகையில் உருளவிட்டால் இயக்கம் தளர்ந்து, கண்ணுக்கும் செவிக்கும் எட்டும். சாய்வு வேகத்தைக் குறைக்குமேயன்றி இயக்கத்தின் ஒழுங்கை மாற்றாது என்று அவர் கருதினார். பிற்காலத்து நூலில் அவரே தம் கருவியை விவரிக்கிறார். 12 முழ நீளமுள்ள மரச்சட்டம். அதன் மேல் விளிம்பில் ஒரு விரலகலத்துக்குச் சற்று மிகுதியான பள்ளம். பள்ளத்தில் வழவழப்பான பதனிட்ட தோல். அதில் உருள நன்கு மெருகேற்றிய வெண்கலக் குண்டு. காலத்தை அளக்க ஒரு பெரிய நீர்க்கலம். அதன் அடியில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே வழியும் நீரைச் சிறு குவளையில் பிடித்து நுண்ணிய தராசில் நிறுப்பார். நீரின் எடையே காலத்தின் அளவு. சட்டத்தின் முழு நீளத்தைக் கடக்க ஆகும் காலத்தில் சரிபாதியே அதன் கால்பங்கு நீளத்தைக் கடக்க ஆயிற்று. நாடித் துடிப்பின் பத்தில் ஒரு பங்கும் பிழையாதபடி நூறு முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததாக அவர் எழுதுகிறார்.

இதற்கும் முன்னர் அவர் செவியையே கருவியாகக் கொண்டிருக்கலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிளாரன்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள அவருடைய கையெழுத்துத் தாள்களை ஆராய்ந்த டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டில்மன் ட்ரேக் 1972ஆம் ஆண்டில் ஒரு தாளைக் கண்டார். அதில் விளக்கம் எதுவுமின்றி எட்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. சாய்தளத்தில் சமமான கால இடைவெளிகளில் குண்டு சென்று சேர்ந்த இடங்களின் அளவுகள் அவை என்று ட்ரேக் கருதினார். லூட் கருவியின் கழுத்தில் நரம்பால் கட்டிய மெட்டுகளை விரும்பியவாறு நகர்த்தலாம். அதைப்போலவே சாய்தளத்தின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு ஒவ்வொன்றையும் தாண்டும்போது எழும் சிற்றொலி ஒரு பாட்டின் தாளத்தோடு இசைந்து விழும்வரை அவற்றை நகர்த்தி அமைத்திருப்பார் என்பது ட்ரேக்கின் ஊகம். தாளம் தவறுவதை இசைப் பயிற்சி உள்ள செவி நொடியின் சிறு கூறளவில் உணர்ந்துவிடும். மாத்திரை பிசகினால் ஓசை கெடுவதைச் செவியால் அறியும் கவிஞர்களுக்கு இது வியப்பாகாது.

எட்டு எண்கள்

அந்த எட்டு எண்கள் வருமாறு: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. இவை புந்தோ என்னும் அளவில் அமைந்தவை. ஒரு புந்தோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மேலோட்டமாகப் பார்த்தால் இவற்றில் ஒழுங்கு ஏதும் தெரியாது. ஒவ்வொரு தாளத்துக்கும் குண்டு புதிதாகக் கடந்த தொலைவை அறிய, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்தியதைக் கழிக்க வேண்டும். அப்போது 33, 97, 168, 228, 298, 368, 428, 484 எனக் கிடைக்கும். இவற்றை முதல் எண்ணாகிய 33ஆல் வகுத்தால் 1, 3, 5, 7, 9, 11, 13, 15 என்னும் ஒற்றைப்படை எண்களுக்கு மிக அருகில் வந்து நிற்கும். முதல் தாளத்தில் ஒரு பங்கு கடந்த குண்டு, இரண்டாம் தாளத்தில் மூன்று பங்கும், மூன்றாம் தாளத்தில் ஐந்து பங்கும் கடக்கிறது.

ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும். ஒன்றும் மூன்றும் நான்கு. அதனோடு ஐந்து சேர்ந்தால் ஒன்பது. ஏழு சேர்ந்தால் பதினாறு. பைத்தாகரசின் வழிவந்தோர் இதனைக் கூழாங்கற்களால் அறிந்தனர். நான்கு கற்களைச் சதுரமாக அடுக்கி, அதன் இரு பக்கங்களையும் மூலையையும் அணைத்து ஐந்து கற்களை வைத்தால் பக்கத்துக்கு மூன்று கற்கள் கொண்ட பெரிய சதுரம் தோன்றும். கலீலியோ பிறந்த அதே பைசா நகரில் அவருக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியோனார்தோ, பிபொனாச்சி என்று இன்று புகழ்பெற்றிருப்பவர், 1225ஆம் ஆண்டில் வர்க்க எண்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அந்நூலின் தொடக்கமே ஒற்றைப்படை எண்களைக் கூட்ட வர்க்கங்கள் பிறக்கும் என்னும் கருத்துத்தான். பதினான்காம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஓரெம், சீராக வேகம் கூடும் இயக்கத்தில் இவ்வெண்கள் வரும் என்று வரைபடத்தால் காட்டியதுமுண்டு. அவை அனைத்தும் எண்ணத்தில் நிகழ்ந்த கணக்குகள். மண்ணில் உருளும் குண்டு அக்கணக்கின்படி உருள்கிறது என்று கண்டது கலீலியோவின் பணி.

அத்தாளின் ஓரத்தில் 1, 4, 9, 16, 25, 36, 49, 64 என்னும் எண்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை போலக் காணப்படுகின்றன. 33ஐ இவற்றால் பெருக்கினால் 33, 132, 297, 528, 825, 1188, 1617, 2112 என வரும். அளந்த எண்களோடு இவற்றை ஒப்பிட்டால் மிகப் பெரிய வேறுபாடே எட்டு மில்லிமீட்டரளவுதான். அதுவும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்தில். பொது உறுப்பு அங்கே பிறந்தது. எத்தனை தாளம் கழிந்ததோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, முதல் தாளத்தின் தொலைவால் மீண்டும் பெருக்கினால் கடந்த மொத்தத் தொலைவு கிடைத்துவிடும். எட்டு இடங்களில் அளந்ததைக் கொண்டு, அளக்காத ஒன்பதாம் இடத்தையும் தொண்ணூறாம் இடத்தையும் சொல்லிவிடலாம்.

இவ்வரிசைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தாளத்தை இருமடங்கு நீட்டிப் பார்த்தாலும் விதி மாறுவதில்லை. ஒன்றுக்கு மூன்று என்னும் விகிதமே, ஒன்றும் மூன்றும் சேர்ந்த நான்குக்கும் ஐந்தும் ஏழும் சேர்ந்த பன்னிரண்டுக்கும் உள்ள விகிதம். அடுத்து மும்மூன்றாகக் கூட்டினாலும் ஒன்பதுக்கு இருபத்தேழு என அதுவே வரும். கணித நூல்கள் இதனைக் கலீலியோவின் பெயரால் வழங்குகின்றன. காலத்தை மனிதர் எந்த அளவுகோலால் அளந்தாலும் இயற்கையின் ஒழுங்கு ஒன்றாகவே நிற்கும் என்பது இதன் பொருள்.

சரியான விதி, தவறான காரணம்

1604ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் தம் நண்பரும் வெனிஸ் நகர அறிஞருமான பாவ்லோ சார்பி அடிகளுக்குக் கலீலியோ ஒரு கடிதம் எழுதினார். தொலைவுகள் காலத்தின் வர்க்கங்களாக அமைகின்றன என்றும், சம காலங்களில் கடக்கும் தொலைவுகள் ஒன்றிலிருந்து தொடங்கும் ஒற்றைப்படை எண்களாக அமைகின்றன என்றும் அதில் தெரிவித்தார். விதி சரியானது. ஆயின், இவ்விதி எதிலிருந்து பிறக்கிறது என்பதற்கு அவர் கூறிய காரணம் தவறானது. விழும் பொருளின் வேகம் அது கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்று அவர் கொண்டார். அவ்வாறாயின் தொடக்கத்தில் தொலைவும் இல்லை, எனவே வேகமும் இல்லை; கல் ஒருபோதும் விழத் தொடங்காது என்று இன்றைய கணிதம் காட்டும்.

வேகம் கடந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுவதன்று, கழிந்த காலத்துக்கு ஏற்பக் கூடுவது என்னும் உண்மையை அவர் பின்னரே தெளிந்தார். வரிசையிலேயே அதற்கான குறிப்பு இருந்தது. 1, 4, 9, 16 ஆகிய எண்களின் இடைவெளி 3, 5, 7. அந்த இடைவெளிகளின் இடைவெளி 2, 2 என மாறாமல் நிற்கிறது. இரண்டாம் இடைவெளி மாறாது நிற்கும் வரிசை எதுவாயினும் அதன் பொது உறுப்பில் வர்க்கம் வந்தே தீரும். விழும் கல்லுக்கு அம்மாறாத எண்ணே அதன் முடுக்கம். ஒவ்வொரு தாளத்திலும் வேகம் ஒரே அளவில் கூடுகிறது. இருமடங்கு காலம் விழுந்த கல், இருமடங்கு காலத்தோடு இருமடங்கு சராசரி வேகத்தையும் பெற்றிருக்கும். ஆகவே நான்கு மடங்கு தொலைவைக் கடந்திருக்கும். இத்தனை எளிய காரணத்தைக் காண அவ்வளவு பெரிய அறிஞருக்கும் ஆண்டுகள் பல பிடித்தன.

வானமும் வழக்கும்

அதற்குள் வானம் அவரை அழைத்தது. 1609இல் தொலைநோக்கியைத் தாமே செய்து மேம்படுத்தினார். 1610 ஜனவரித் திங்களில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைக் கண்டார். மார்ச்சுத் திங்களில் வெளிவந்த சிறு நூலால் ஐரோப்பா முழுவதும் அவர் புகழ் பரவியது. பதுவாவை விட்டுப் பிளாரன்ஸ் அரசவைக் கணித அறிஞராகவும் தத்துவ அறிஞராகவும் சென்றார். இயக்கத்தைப் பற்றிய தாள்கள் பெட்டிக்குள் உறங்கின.

அந்நூலை இலத்தீனில் எழுதியவர், அதன்பின் பெரும்பாலும் தாய்மொழியாகிய இத்தாலியத்திலேயே எழுதினார். பல்கலைக்கழகம் செல்ல இயலாதவர்க்கும் இயற்கை கண்ணும் அறிவும் கொடுத்திருக்கிறது. அவர்கள் படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1623இல் வெளியிட்ட நூலில், இயற்கை என்னும் பெருநூல் கணித மொழியில் எழுதப்பட்டது என்னும் கருத்தை நிலைநாட்டினார். அவருடைய உரைநடையைக் கவிஞர் லெயோபார்தி போற்றினார்; 1827இல் தாம் தொகுத்த உரைநடைத் திரட்டில் அதற்குப் பேரிடம் தந்தார். இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ, இத்தாலிய உரைநடையாளருள் கலீலியோவுக்கே முதலிடம் தந்தார்.

புவி ஞாயிற்றைச் சுற்றுகிறது என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கையைத் தழுவக் கூடாது என்று 1616இல் அவர் எச்சரிக்கப்பட்டார். 1632இல் இரு உலக அமைப்புகளைப் பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டார். விழும் பொருள் ஒற்றைப்படை எண்களின்படி விழும் என்னும் செய்தியும் முதன்முதலாக அச்சேறியது அந்நூலில்தான். நூல் தடை செய்யப்பட்டது. 1633ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், ரோமாபுரியின் மினர்வா மடத்தில், அறுபத்தொன்பது வயதான அவர் மண்டியிட்டுத் தம் கொள்கையைத் துறப்பதாகப் படிக்க வைக்கப்பட்டார். சிறைத் தண்டனை வீட்டுக் காவலாக மாற்றப்பட்டது. மூன்றாண்டுகள் வாரந்தோறும் ஏழு மன்னிப்புத் திருப்பாடல்களை ஓத வேண்டும் என்னும் தண்டனையும் விதிக்கப்பட்டது. கன்னி மடத்திலிருந்த மூத்த மகள் வர்ஜீனியா, மடத்தில் மரியா செலஸ்தே எனப் பெயர் பூண்டவர், தந்தைக்காக அப்பாடல்களைத் தாமே ஓதும் பொறுப்பை ஏற்றார்.

காவலில் முடித்த கணக்கு

சில திங்கள்கள் சியன்னா நகரப் பேராயர் பிக்கொலோமினியின் இல்லத்தில் காவலில் இருந்தார். மனம் உடைந்திருந்த முதியவரைப் பேராயர் விருந்தினராகப் போற்றினார். இயக்கத்தைப் பற்றிய பழைய ஆய்வை மீண்டும் எடுக்கத் தூண்டினார். 1633 டிசம்பரில் பிளாரன்சுக்கு அருகிலுள்ள ஆர்செத்ரிக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. மகளின் மடம் அங்கேயே இருந்தது. ஆனால், நான்கு திங்களுக்குள், 1634 ஏப்ரல் 2ஆம் நாள், மரியா செலஸ்தே முப்பத்துமூன்று வயதில் இறந்தார். மகள் தம்மை இடையறாது அழைக்கும் குரல் கேட்கிறது என்று நண்பருக்கு எழுதும் அளவுக்கு அத்துயரம் அவரை வாட்டியது.

அத்துயரத்துக்கிடையே அவர் எழுதி முடித்த நூல்தான் இரு புதிய அறிவியல்களைப் பற்றிய உரையாடல்கள். சால்வியாத்தி, சாக்ரெதோ, சிம்ப்ளிச்சியோ என்னும் மூவர் நான்கு நாட்கள் உரையாடுவதாக அது அமைந்தது. மூன்றாம் நாளில் வர்க்க விதி முழுமையான மெய்ப்பிப்போடு வருகிறது. நான்காம் நாளில் அவ்விதியைக் கிடைமட்டச் சீரியக்கத்தோடு சேர்த்து, பீரங்கிக் குண்டின் பாதை பரவளையம் என்று நிறுவுகிறார். வேகம் தொலைவுக்கு ஏற்பக் கூடும் என்னும் பழைய பிழையையும் அவர் மறைக்கவில்லை. நூலாசிரியரும் சில காலம் இதே பிழையில் இருந்தார் என்று உரையாடுவோர் வாயிலாகவே சொல்ல வைத்தார். ரோமாபுரியில் பிறர் வற்புறுத்தலால் உண்மையைப் பிழையென்று சொல்ல நேர்ந்தவர், இந்நூலில் எவர் வற்புறுத்தலுமின்றித் தம் பிழையைப் பிழையென்று சொன்னார். இவ்விரண்டு ஒப்புதல்களுக்கும் இடையேயுள்ள தொலைவே அவருடைய பெருமையின் அளவு.

வர்க்க எண்கள் முதல் நாள் உரையாடலிலும் வருகின்றன. நூறு வரையுள்ள எண்களில் வர்க்க எண்கள் பத்தே. பத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் வரை நூற்றில் ஒரு பங்கு. பத்து இலட்சம் வரை ஆயிரத்தில் ஒரு பங்கு. செல்லச் செல்ல அவை அரிதாகின்றன. ஆயினும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டு. ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒரு மூல எண் உண்டு. அவ்வாறு இணை சேர்த்தால் எண்கள் எத்தனையோ வர்க்கங்களும் அத்தனையே. முழுமையும் அதன் பகுதியும் சமமாவது எங்ஙனம்? மிகுதி, குறைவு, சமம் என்னும் சொற்கள் முடிவுள்ளவற்றுக்கே பொருந்தும், முடிவிலிக்குப் பொருந்தா என்று அவர் அமைதி கண்டார். இப்புதிரின் பூட்டைத் திறக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த கேன்ட்டர் வரவேண்டியிருந்தது.

அவருடைய நூல் எதையும் அச்சிடலாகாது என்னும் தடை இருந்தமையால் கையெழுத்துப்படி எல்லை கடந்தது. 1638இல் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் எல்செவீர் பதிப்பகம் அதனை வெளியிட்டது. வானத்தில் எவரும் காணாதவற்றைக் கண்ட அவருடைய கண்கள் இரண்டும் அதற்குள் ஒளியிழந்துவிட்டன. தம் வாழ்நாள் உழைப்பின் கனியைக் கையால் தொட்டறிந்தாரேயன்றிக் கண்ணால் கண்டாரல்லர். இறுதி ஆண்டுகளில் இளைஞர் விவியானியும் பின்னர் டாரிசெல்லியும் உடனிருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினர். ஆங்கிலக் கவிஞர் மில்டனும் தம் இத்தாலியப் பயணத்தில் அவரைச் சந்தித்ததாக 1644இல் எழுதிய நூலில் குறித்துள்ளார். பின்னாளில் கண்ணொளி இழந்து காப்பியம் பாடப்போகும் கவிஞர், கண்ணொளி இழந்த கணித அறிஞரைக் கண்டது வரலாற்றின் அரிய சந்திப்பு.

1642ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் கலீலியோ ஆர்செத்ரியில் காலமானார். நினைவு மண்டபம் எழுப்ப இசைவு கிடைக்காமையால் சாந்தா குரோசே ஆலயத்தின் ஒரு சிற்றறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1737இல் அவர் உடல் பெருங்கோயிலுக்குள் மாற்றப்பட்டு, சிற்பி மைக்கேலாஞ்சலோவின் கல்லறைக்கு எதிரே நினைவுச் சின்னம் பெற்றது. 1992ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், அவரைத் தீர்ப்பிட்டோர் பிழை செய்தனர் என்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஏற்றார்.

வர்க்க விதிக்கு அத்தகைய தீர்ப்புத் தேவைப்படவில்லை. நியூட்டன் தம் பெருநூலில் அதனைக் கலீலியோவின் கண்டுபிடிப்பாகப் பெயர் சொல்லிக் குறித்து, அதன்மேல் தம் இயக்கவியலை எழுப்பினார். காற்றுத் தடை இல்லாதவிடத்து, முதல் நொடியின் முடிவில் கல் 4.9 மீட்டர், இரண்டாம் நொடியில் 19.6, மூன்றாம் நொடியில் 44.1, நான்காம் நொடியில் 78.4 மீட்டர் விழுந்திருக்கும். 1971 ஆகஸ்டுத் திங்களில் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பறவைச் சிறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன. நிலவில் முதல் நொடியின் தொலைவு புவியில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். ஆயினும் அங்கேயும் வரிசை 1, 4, 9, 16 தான். பதுவாவில் ஒரு பழைய தாளின் ஓரத்தில் எழுதிய எட்டு எண்கள், அவர் தொலைநோக்கியில் மட்டுமே கண்ட நிலவிலும் பிழையாது நின்றன.